பள்ளிக்கூடம் கூடவே வரும், விசா வராது

ஆன்லைன் பள்ளியில் சேர்ந்துட்டா எந்த நாட்டுல இருந்தும் ப்ளஸ் டூ முடிக்கலாம்னு சொல்றாங்க. பாதி நிஜம்.

மாணவர் விசா பெரும்பாலும் அந்தந்த நாட்டுப் பள்ளியில் நேரில் படிக்கிறவங்களுக்குத்தான். 2020 ஜூலையில், கொரோனா சமயத்தில், முழுக்க ஆன்லைனில் படிக்கிற வெளிநாட்டு மாணவர்கள் கிளம்பணும்னு அமெரிக்கா அறிவிச்சுது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் வழக்குப் போட, அறிவிச்ச எட்டே நாளில் வாபஸ்! அப்போ இது யாருக்கு? அப்பா அம்மா வேலைக்காக நாடு மாறுற பிள்ளைகளுக்கு. நடுவருஷத்தில் ஊர் மாறினாலும் டீச்சர் மாறமாட்டார்.

ஆனா கடிகாரம் மாறும். ஸ்டான்ஃபோர்ட் 2006-ல் ஆரம்பிச்ச ஆன்லைன் உயர்நிலைப் பள்ளியில் வகுப்புகள் வீடியோவில் நேரலை. கலிபோர்னியாவில் காலை 9 மணின்னா, குளிர்காலத்தில் மாட்ரிட்டில் மாலை 6. டோக்கியோவில் விடியக்காலை 2 (பாவம்!). மார்ச்சில் அமெரிக்கா கடிகாரத்தை முன்னால தள்ளிடும்; ஐரோப்பா ரெண்டு மூணு வாரம் கழிச்சுத்தான் தள்ளும். அதுவரைக்கும் மாட்ரிட்டில் அதே வகுப்பு 5 மணிக்கு.

இருந்தும் நான் மாட்ரிட் பக்கம்தான். பகல் முழுக்கக் கையில் இருக்கே! வகுப்பெல்லாம் இங்கிலீஷ்லதான். ஸ்பானிஷ் வரணும்னா அந்தப் பகல்ல வெளியே இறங்கி, காய்கறிக் கடையில் பேரம் பேசிப் பார்க்கணும்.