சுண்ணாம்பு தடவாத கலயம்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் வந்த நண்பர், இத்தாலியிலிருந்து ஒரு போத்தல் கியாந்தி கொண்டுவந்திருந்தார். வயிறு பருத்து, அடிப்பாகம் வைக்கோலால் பொதியப்பட்ட பழைய வகைப் போத்தல் அது. விளவங்கோடு தாலுகாவில் இன்னொரு நண்பரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நாங்கள் நால்வரும் அதைத் திறந்தோம். அன்று அந்த வீட்டில் இருந்தது அவித்த மரச்சீனிக் கிழங்கும், குடம்புளி போட்டு வைத்த சாளைக் கறியும்.

இரண்டாவது மிடறிலேயே ஏதோ பிசகிவிட்டது. சாளையின் நெய்யோடு ஒயின் சேர்ந்ததும் நாக்கில் இரும்புத் துருவின் சுவை எழுந்தது. மிளகாயின் எரிவு, ஒயினின் துவர்ப்பை இருமடங்காக்கியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு தம்ளர்களைக் கீழே வைத்தோம்.

பிழை கியாந்தியுடையது அல்ல. அது டஸ்கனியில், பிளாரன்சுக்கும் சியெனாவுக்கும் இடைப்பட்ட குன்றுகளின் சரக்கு. சாஞ்சோவேசே என்னும் கருந்திராட்சை அதன் உயிர். 1716லேயே கோசிமோ என்ற பெயருடைய மூன்றாம் பிரபு அதன் எல்லைகளை வகுத்து அரசாணை பிறப்பித்தார். 1984ல் இத்தாலியின் மிக உயர்ந்த தரச்சான்று அதற்குக் கிடைத்தது. புளிப்பும் துவர்ப்பும் மிகுந்த அந்த ஒயின், கரியில் வாட்டிய மாட்டிறைச்சியின் கொழுப்பை அறுக்கும். தக்காளிக் குழம்பின் புளிப்புக்கு ஈடுகொடுக்கும். செம்மறிப் பாற்கட்டியின் உப்பைத் தணிக்கும். அந்த மண்ணின் அடுப்பும் அந்த மண்ணின் பீப்பாயும் நூற்றாண்டுகளாகப் பேசிப் பழகியவை. சாளையோடு அதற்குப் பேச்சுவழக்கமில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் சாளையோடு பேசிப் பழகிய பானம் எது? விடை எங்கள் எதிரிலேயே அமர்ந்திருந்தது. நண்பரின் பாட்டா, எண்பதைக் கடந்தவர், நாற்பது வருடம் பனையேறியவர். ஒயினை முகர்ந்து பார்த்துவிட்டுத் தம்ளரை அருகிலிருந்தவரிடமே திருப்பிக் கொடுத்தார். "இது மூத்த கள்ளுல்லா, மக்களே" என்றார்.

அதன் பிறகு அவர் பேசினார், நாங்கள் கேட்டோம். காலையிலும் மாலையிலும் பாளையைச் சீவ வேண்டும். ஒருவேளை தவறினாலும் ஊற்று அடைந்துபோகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது அக்கானி. பதநீர் என்று பிற மாவட்டத்தார் சொல்வது இதைத்தான். தடவாவிட்டால் கள். இரண்டும் ஒரே மரம், ஒரே பாளை, ஒரே ஊற்று. அந்த நீரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை உண்டு. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதைச் சில மணி நேரத்திலேயே நுரைக்கச் செய்கிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை அதற்குத் தடைபோடுகிறது. புதுக்கள்ளில் ஆல்கஹால் நாலைந்து சதவீதமே. கூடவே மிச்சமிருக்கும் இனிப்பு, இளம்புளிப்பு, நுரை. இனிப்பு மிளகாயின் எரிவை ஆற்றும், புளிப்பு மீன்நெய்யை அறுக்கும், மாவுத்தன்மை மிகுந்த கிழங்கு வயிற்றில் கள்ளைத் தாங்கிக்கொள்ளும். கியாந்திக்கும் மாட்டிறைச்சிக்கும் உள்ள உறவின் தர்க்கம்தான் இங்கும். அந்தக் கள்ளைக் கொண்டுதான் ஆப்பமாவும் பொங்கியது. இன்று கடையில் வாங்கிய ஈஸ்ட் அந்த வேலையைச் செய்கிறது.

1956 நவம்பர் 1ஆம் நாள் எங்கள் நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தன. மொழியால் அது நியாயமான இணைப்பு. அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் 1987 ஜனவரி முதல் தமிழகத்தில் கள்ளுக்குத் தடை. களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைப் பக்கம் போனால் அதே கிழங்கு, அதே மீன்கறி, கூடவே சட்டபூர்வமான கள். இந்தப் பக்கம் அரசே 2003 முதல் சில்லறையில் பிராந்தி விற்கிறது. பனையிலிருந்து இறங்கும் நாலைந்து சதவீதம் மட்டும் குற்றம். தமிழகத்தின் மாநில மரம் பனை என்பதும் இந்த நகைமுரணின் ஒரு பகுதி.

இப்படிச் சொல்லி நாங்கள் உணர்ச்சிவசப்பட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளிருந்து கறிச்சட்டியோடு வந்த நண்பரின் அம்மை சற்று நின்றார். "கள்ளு குடிச்சிட்டு வந்து அடிக்கும்ப வாங்கினவ நான். உங்களுக்கு அது ருசி" என்றார். பாட்டா தலைகுனிந்தார். நாங்களும்தான். அடித்தது யார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் வாதத்தில் தர்க்கம் இருந்தது. அடிவாங்கியவரின் இடம் அதில் இல்லை. கள்ளின் மரபைப் பேச விரும்புகிறவர்கள் அந்த வாசல்நிலையில் நின்ற பெண்ணிடமும் பதில் சொல்லியாக வேண்டும். எங்களிடம் அன்று பதில் இல்லை. இன்றும் முழுமையாக இல்லை. தடை நீங்கினாலும் ஏற ஆள் எங்கே என்ற கேள்வி வேறு. பனை நின்ற விளைகள் பலவற்றில் இன்று ரப்பர் நிற்கிறது. பனையேறிகளின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மரத்திலிருந்து விழுந்து முடமானவர்களை அறிந்த எவரும் அதைக் குறையாகச் சொல்ல முடியாது. இந்த வீட்டிலும் பாட்டாவின் முருக்குத்தடி கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

மிச்ச ஒயினை மறுநாள் ஆட்டிறைச்சி வறுவலோடு குடித்தோம், நன்றாகவே இணங்கியது. காலிப் போத்தலைப் பாட்டா கேட்டு வாங்கிக்கொண்டார். வைக்கோல் பொதிவை விரலால் தடவி, முடைச்சலை எண்ணிப் பார்த்தார்.

"நம்ம ஓலைன்னா இன்னும் கெட்டியா இருக்கும்" என்றார்.