15-ஆம் எண் சாலையை வெட்டியவர் யார்?

அன்புள்ள அம்மிணிக்கு,

ஈரோட்டிலிருந்து உதகமண்டலம் போகும் மாநில நெடுஞ்சாலை 15-ஐப் பற்றி உன் பல்கலைக்கழகத்தில் பேச எடுத்துக்கொண்டாய் என்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். நீ அனுப்பிய வரைவை நிதானமாகப் படித்தேன். படங்களும் தூரக் கணக்கும் சரியாக இருக்கின்றன. வரலாற்றை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டாய்: கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1823-இல் போட்ட சாலை இது என்று. சுற்றுலாக் கையேடுகளில் அந்த வரியைப் பார்த்துப் பழகியதால் உனக்கு அதில் ஐயம் எழவில்லை. எனக்கு அது பாதிக்கும் மேல் தவறாகப் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன். ஒத்துக்கொள்ள முடியாத இடத்தில் மறுத்து எழுது.

முதலில் வழியையே எடுத்துக்கொள்வோம். ஈரோட்டை விட்டால் சித்தோடு, கவுந்தப்பாடி, கோபி, சத்தியமங்கலம், பவானிசாகர், சிறுமுகை, மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலையேறி கோத்தகிரி, கட்டபெட்டு, தொட்டபெட்டாவின் தோள், உதகை. ஏறத்தாழ 160 கிலோமீட்டர். இதில் சுமார் 100 கிலோமீட்டர் சமவெளியில் ஓடுகிறது. சல்லிவனுக்குச் சேர வேண்டிய பங்கு எவ்வளவு என்று எப்படிக் கணக்கிட்டாலும் அது மலைப் பகுதியைத் தாண்டாது. மீதி 100 கிலோமீட்டர் எப்படி வந்தது என்ற கேள்வியை உன் வரைவு கேட்கவே இல்லை. வரைபடத்தை எடுத்து, ஈரோட்டிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இன்று அவசரமாகப் போகிற ஒருவர் எந்த வழியில் போவார் என்று பார். பெருந்துறை, அவிநாசி, அன்னூர் என்று மேற்கே நேராகப் போவார். நம் சாலையோ வடக்கே வளைந்து, கோபியையும் சத்தியையும் தொட்டுவிட்டு, மறுபடி தென்மேற்கே இறங்குகிறது. ஊரிலிருந்து ஊருக்கு நேர்கோடு போட நினைத்த எந்தப் பொறியாளரும் இப்படி வளைத்திருக்க மாட்டார். அந்த வளைவை விளக்குவது பவானி ஆறு ஒன்றுதான்.

சாலை கடக்கும் ஊர்களின் பிழைப்பைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பவானி காவிரியில் கலப்பதற்குச் சற்று முன் அணை போட்டு எடுத்த காலிங்கராயன் வாய்க்கால் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து ஈரோட்டுப் பக்கம் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. கோபிக்கு மேலே கொடிவேரி அணை; அதிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள்தான் கோபியை நெல் விளையும் ஊராக்கின. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் நாட்டுச் சர்க்கரை கவுந்தப்பாடிச் சந்தையிலிருந்து போகிறது. விளைச்சல் இருக்கும் இடத்தில் சந்தை கூடும். சந்தைக்கும் சந்தைக்கும் நடுவே மாட்டுவண்டித் தடம் விழும். அந்தத் தடங்களைத்தான் பின்னால் வந்த அரசுகள் அகலப்படுத்தி, கப்பி போட்டு, தார் ஊற்றி, எண் கொடுத்தன. சமவெளியில் இந்தச் சாலைக்குக் கட்டியவர் என்று ஒருவரைத் தேடினால் வாய்க்கால் வெட்டியவர்களைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

சத்தியமங்கலத்தில் கதை வேறு திசைக்குத் திரும்புகிறது. அந்த ஊர் மைசூர்ச் சீமைக்கும் கொங்குக்கும் நடுவில் இருந்த வாசல். மோயாற்றுப் பள்ளத்தை ஒட்டிய கெஜலட்டி கணவாய் வழியாகப் படைகளும் வணிகரும் இறங்கினார்கள். 1790 செப்டம்பரில் திப்பு சுல்தான் அந்தக் கணவாய் வழியே இறங்கி, சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்டின் படையோடு மோதினார். கணவாய்க்குக் கீழே, மோயாறு பவானியில் கலக்கும் இடத்தில் நின்றது டணாயக்கன்கோட்டை. ஹொய்சளர் காலத்துத் தண்டநாயகர்களின் கோட்டை அது. நீலகிரி மலை ஊர்களின் வரிக்கணக்கு நெடுங்காலம் அந்தக் கோட்டையிலிருந்துதான் நடந்தது. 1800-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய ஃபிரான்சிஸ் புக்கானன் அங்கே தங்கித்தான் மலைமேல் இருக்கும் ஊர்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டினார். இன்று அந்தக் கோட்டை பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்த அணை அது. கோடையில் நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில், சேறு படிந்த மாதவப்பெருமாள் கோயிலின் கல்தூண்கள் தண்ணீருக்கு மேலே வரும். பரிசலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. மலைக்குப் போகும் பழைய வழியின் தலைவாசல் தண்ணீருக்குள் போய்விட்டதால்தான், அந்த வழி இருந்ததே நமக்கு மறந்துபோயிற்று. இன்றைய சாலை நீர்த்தேக்கத்துக்குத் தெற்கே ஒதுங்கி சிறுமுகைக்குப் போகிறது.

இப்போது மலைக்கு வருவோம். 1818-இல் கலெக்டரின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் நீலகிரிக்கு ஏறினார்கள். புகையிலைக் கடத்தல்காரர்களைத் துரத்திக்கொண்டு போனபோது மலையைக் கண்டார்கள் என்று ஒரு கதை சொல்வதுண்டு. அந்தக் கதை உண்மையானால் அது என் பக்கத்துக்குத்தான் சாட்சி. கடத்தல்காரன் ஓட ஒரு தடம் வேண்டும், மேலே புகையிலை வாங்க ஆள் வேண்டும். அவர்கள் ஏறியது டணாயக்கன்கோட்டைப் பக்கமிருந்து. போய்ச் சேர்ந்தது மலையின் கிழக்கு விளிம்பு. மறு ஆண்டு சல்லிவனே ஏறியபோதும் முதலில் தங்கியதும் வீடு கட்ட முனைந்ததும் கோத்தகிரிக்குப் பக்கத்தில் உள்ள திம்பட்டி, கன்னேரிமுக்குப் பகுதியில்தான். உதகை அப்போது கணக்கில் இல்லை. ஏன் கோத்தகிரி முந்தியது? அங்கிருந்து சில மைல் தள்ளி இருக்கும் கோடநாடு காட்சிமுனையில் நின்றால் விடை கிடைக்கும். கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கும் பவானிசாகர்ப் பக்கத்துச் சமவெளியும் விரிந்து கிடக்கும். டணாயக்கன்கோட்டையிலிருந்து நடந்து ஏறுகிறவருக்கு முதலில் வரும் குளிர்ந்த நிலம் அதுதான். மலைவாழ் மக்களான படகர்களும் கோத்தர்களும் உப்புக்கும் துணிக்கும் தானியத்துக்கும் இறங்கி ஏறிய வழிகள் அந்தச் சரிவில் இருந்தன. வெள்ளைக்கார அதிகாரிகளைக் கோத்தகிரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் பழைய நடைதான்.

ஒற்றையடிப் பாதையைச் சாலை என்று எப்படிச் சொல்வது என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. மழையில் கரையாத தளம், ஏறக்கூடிய சரிவு, ஓடையைக் கடக்கப் பாலம், மண் சரியாமல் தடுப்புச் சுவர் என்று வரும்போதுதான் சாலை என்ற சொல் பொருந்தும். இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அளவுகோலை வைத்தால் சல்லிவன் பெயரும் நிலைக்காது. சிறுமுகையிலிருந்து திம்பட்டிக்கு அவர் முயற்சியால் வெட்டப்பட்டு 1823-இல் முடிந்தது ஒரு குதிரைப் பாதை, வண்டிப் பாதையன்று. லெப்டினன்ட் மக்ஃபெர்சனின் மேற்பார்வையில் பயனியர் படை ஆட்களும் கைதிகளும் அதை வெட்டினார்கள். மலைக்காய்ச்சல் நிறைந்த அடிவாரக் காட்டில் பாறை உடைத்த அவர்களில் ஒருவர் பெயரும் எந்தப் பலகையிலும் இல்லை. அதைவிட முக்கியமானது, அந்தப் பாதை பத்தாண்டுகள்கூட முதன்மை வழியாக நிற்கவில்லை. சல்லிவன் 1822-இல் உதகையில் கல்வீடு கட்டினார். அவரைத் தொடர்ந்து அதிகாரிகள் அங்கே குவிந்தார்கள். போய்ச் சேர வேண்டிய ஊர் மாறியதும் கோத்தகிரி சுற்றுவழி ஆகிவிட்டது. ஆளுநர் லஷிங்டன் காலத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியே புதுப் பாதை வெட்டி 1832 வாக்கில் திறந்தார்கள். சிறுமுகைப் பாதை ஓரங்கட்டப்பட்டது.

இன்று நீயும் நானும் பேருந்தில் ஏறும் கோத்தகிரிச் சாலையின் பிறப்பு 1870-களில். போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873-இல் ரயில் வந்தது. கோத்தகிரிப் பக்கத்தில் காப்பித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் பெருகிவிட்டன. மூட்டைகளை ரயிலடிக்கு இறக்கவும், அரிசியையும் இயந்திரங்களையும் ஏற்றவும் மாட்டுவண்டி போகும் சரிவு வேண்டியிருந்தது. குதிரை ஏறும் செங்குத்தில் பாரவண்டி ஏறாது. எனவே பழைய தடத்தை விட்டுவிட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து புதிதாக, மலையின் மடிப்புகளைச் சுற்றிச் சுற்றி, 33 கிலோமீட்டருக்கு ஒரு வண்டிப்பாதையை நீட்டினார்கள். நாம் போவது இதன் மேல்தான். சிறுமுகையிலிருந்து சல்லிவன் வெட்டிய வழி இதற்கு முன்னோடி என்றால் சரி. அதுவே இது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

சல்லிவனைக் குறைத்துப் பேசுவதாக உனக்குப் படலாம். அவருக்குரியதைக் கொடுக்க எனக்குத் தயக்கம் இல்லை. உதகை ஏரி அவர் உருவாக்கியது. இங்கிலாந்துக் காய்கறிகளை மலையில் பயிரிடச் செய்தவர்களில் அவர் முதன்மையானவர். அதைவிடப் பெரிதாக நான் மதிப்பது, நிலம் மலையில் வாழும் தோடர்களுக்குரியது, எடுத்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்று தம் அரசோடேயே அவர் வாதாடியதை. தமக்கு முன்னால் அங்கே மனிதர்கள் இருந்தார்கள் என்பதை அவர் கண்டார். நாமோ அவரைச் சாலையின் ஒரே தந்தையாக்கி, அவர் கண்ட மனிதர்களைக் கதையிலிருந்து நீக்கிவிடுகிறோம். எழுதப்பட்ட ஆவணம் அவர் பெயரில்தானே இருக்கிறது என்பது இன்னொரு வாதம். ஆவணத்தில் வரி வாங்கியதும் இருக்கிறது, வழிகாட்டி கூட்டிப்போனதும் இருக்கிறது, கைதிகள் வேலை செய்ததும் இருக்கிறது. அந்த வரிகளையும் சேர்த்துப் படித்தால் போதும்.

மாநில நெடுஞ்சாலை என்ற தகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1943-இல் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்கள் இந்தியச் சாலைகளைத் தேசிய, மாகாண, மாவட்ட, கிராம வகைகளாகப் பிரித்தார்கள். அந்த வகுப்புமுறையின் தொடர்ச்சிதான் நம் எண்ணும். குன்னூர் வழி இன்று தேசிய நெடுஞ்சாலை 181. கோத்தகிரி வழி மாநிலத்துக்கு. இதை வைத்து, குன்னூர் சாலை ஒன்று போதும், கோத்தகிரிச் சாலை உள்ளூர்ப் போக்குவரத்துக்குத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் என்ன நடக்கிறது என்று பார். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் சுற்றுலா வண்டிகளைக் குன்னூர் வழியே அனுப்பி, இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியே திருப்பிவிடுகிறது காவல்துறை. மழைக்காலத்தில் குன்னூர்ச் சாலையில் மண் சரிந்தால் மொத்த நீலகிரியும் கோத்தகிரிச் சாலையைத்தான் பார்த்திருக்கிறது. இரண்டு நெருக்கடியிலும் கைகொடுக்கும் சாலையை இரண்டாம்பட்சமாக வைத்திருப்பது நியாயமில்லை. அந்த வண்டி நெரிசலுக்குள்தான் பச்சைத் தேயிலை ஏற்றிய வேன்களும், மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் கொண்டுபோகும் லாரிகளும், கோவை ஆஸ்பத்திரிக்கு விரையும் ஆம்புலன்சும் வழி கேட்டு நிற்கின்றன. அகலப்படுத்திவிட்டால் சரியாகிவிடும் என்கிற பேச்சும் எனக்கு முழுக்க உடன்பாடில்லை. வடகிழக்குப் பருவமழை அறையும் சரிவு அது. மலையை எவ்வளவு வெட்டுகிறோமோ அவ்வளவு மண் பிடிப்பை இழக்கும். அடிவாரத்தில் யானைகள் சாலையைக் கடக்கின்றன. வடிகாலும் தடுப்புச் சுவரும் ஒழுங்காக இருப்பதுதான் அங்கே முதல் தேவை.

ஆகவே உன் வரைவில் நான் கேட்பது இரண்டு திருத்தம். 1823 என்ற ஆண்டை எடுக்க வேண்டாம். அது சிறுமுகைக் குதிரைப் பாதைக்குரியது என்று எழுதி, 1832, 1870-கள், 1955 ஆகியவற்றையும் பக்கத்தில் வை. வரைபடத்தை மேட்டுப்பாளையத்தில் தொடங்கியிருக்கிறாய். அதை ஈரோட்டில் தொடங்கி, பவானி ஆற்றையும் அதன் வாய்க்கால்களையும் நீல நிறத்தில் சேர்த்து வரை. நீர்த்தேக்கத்துக்குள் டணாயக்கன்கோட்டை இருந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்க மறக்காதே. புது வரைவு தயாரானதும் அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா