கச்சானுக்குக் காத்திருக்கும் பவளம்

இலங்கையில் ஸ்கூபா டைவிங் போக நினைப்பவர்கள் மாதத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஊர் அதற்குப் பிறகுதான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேற்கும் தெற்கும் திறந்திருக்கும். ஹிக்கடுவையின் பாறைகள், கொழும்புக்கு வெளியே கிடக்கும் கப்பல் சிதைவுகள் எல்லாம் அப்போது பார்க்க வேண்டியவை. மே பிறந்ததும் அந்தக் கரையில் அலை எழும்பிவிடும். டைவிங் கடைக்காரர்களில் பலர் கம்ப்ரசரையும் சிலிண்டர்களையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே வந்து, திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும் கடை விரிப்பார்கள்.

இதற்குக் காரணம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, சூடேறிக் கிழக்கில் இறங்குகிறது. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கச்சான் என்பது இந்தக் காற்றைத்தான். தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையோரம் பெரிய அலை எழும்பாது. மாரியில் வாடை பிடித்தால் நேர்மாறு. அப்போது நிலாவெளிக் கடலில் இறங்குவதை உள்ளூர்க்காரர் யாரும் யோசிக்கக்கூட மாட்டார்கள்.

நான் முதலில் போனது ஒரு மே மாத நடுவில். கச்சான் இன்னும் பிடிக்கவில்லை, வாடை ஓய்ந்து வெகுநாளாகிவிட்டது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. நிலாவெளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது புறாமலை. மாடப்புறாக்கள் கூடுகட்டும் இரண்டு சிறிய பாறைத் தீவுகள் அவை. வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படையினர் அவற்றைக் குறிவைத்துச் சுட்டுப் பழகினார்கள். 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. எங்கள் வள்ளம் தீவின் ஓரம் நின்றபோது மேலிருந்தே அடி தெரிந்தது. இறங்கினால் இருபது மீட்டருக்கு அப்பால் போகும் கறுப்புமுனைச் சுறாவின் துடுப்பு நுனிவரை தெளிவு. கையில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டர் 31 டிகிரி காட்டியது. மேலே வந்ததும் எல்லோரும் இதுவல்லவா கடல் என்றார்கள். எங்களைக் கூட்டிப்போன அண்ணைதான் ஒன்றும் பேசாமல் சிலிண்டரின் வால்வை மூடிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது முறை இறங்கியபோது அவர் என்னை ஒரு பவளத்தின் அருகே நிறுத்திக் கையால் காட்டினார். மேசைப் பவளம், ஒரு சின்னச் சாப்பாட்டு மேசை அகலம் இருக்கும். மேற்பரப்பு முழுக்க வெள்ளை. தலையைச் சாய்த்து அடியைப் பார்க்கச் சொன்னார். வெயில் படாத அடிப்பக்கம் இன்னும் பழுப்பாக, உயிரோடு, வழக்கம்போல் இருந்தது. இரண்டு நிறத்துக்கும் நடுவே விளிம்பைச் சுற்றி வெளிறிய நீலத்தில் ஒரு கோடு. பக்கத்தில் மான்கொம்புப் பவளத்தின் கிளைகளிலும் அதே வெளுப்பு திட்டுத் திட்டாக ஏறியிருந்தது.

பவளத்தின் நிறம் பவளத்துடையது அன்று. அதன் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசி தரும் நிறம் அது. வெயிலில் உணவு சமைத்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுப்பதும் அந்தப் பாசிதான். கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்துக்கு மேல் ஒரே ஒரு டிகிரி கூடி, அந்தச் சூடு சில வாரம் நீடித்தால் போதும், பவளம் பாசியை வெளியேற்றிவிடும். வெயில் நேராகப் படும் இடத்தில் பாதிப்பு கடுமையாகும். மேசையின் மேற்பக்கம் வெளுத்து அடிப்பக்கம் தப்பியது அதனால்தான். வெளுத்த பவளம் செத்ததாக ஆகிவிடாது. பட்டினியில் இருக்கிறது, அவ்வளவே. நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பும். 1998இல் உலகக் கடல்கள் சூடேறியபோது ஹிக்கடுவையின் பவளத்தில் பெரும்பகுதி மடிந்தது. திருகோணமலை பெரும்பாலும் தப்பியது. 2024 ஏப்ரலில், உலகளாவிய பவள வெளுப்பு நான்காவது முறையாக நடந்துகொண்டிருக்கிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இனி எந்தக் கரையும் தப்பும் என்று அடித்துச் சொல்ல முடியாது.

“இது செத்தது இல்லை, தங்கச்சி. காய்ச்சல். கச்சான் பிடிச்சா தப்பும்” என்றார் அண்ணை.

அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். கடலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது விலை கொடுத்து வாங்கியது. இளவயதில் சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டர் கட்டி இறங்கியவர். ஆழத்தில் ஒரு சிலிண்டர் முடிந்ததும் மேலே வந்து அடுத்ததை மாட்டிக்கொண்டு திரும்ப இறங்கும் தொழில் அது. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேரும். மெதுவாக ஏறினால் மூச்சோடு வெளியேறும். அவசரப்பட்டு ஏறினால் உடம்புக்குள்ளேயே குமிழியாகி நரம்பைக் கெடுக்கும். கரையோரக் கிராமங்களில் இதை வாதம் என்கிறார்கள். அவருடைய மச்சானுக்கு இடுப்புக்குக் கீழே இன்றும் உணர்வில்லை. அதனால், ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டுமென்றால் அவர் அந்த மூன்று நிமிடத்தில் ஒரு நொடியைக்கூட விட்டுத்தர மாட்டார். சிலிண்டரில் ஐம்பது பார் மிச்சம் இருக்கும்போது வள்ளத்தில் இருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான்.

திரும்பவும் ஜூலையில் போனேன். கச்சான் முழுமூச்சில் அடித்துக்கொண்டிருந்தது. விடிகாலையில் கொஞ்சம் தணிவாக இருக்கும். பத்து மணிக்கு மேல் கடற்கரையில் மணல் பறக்கும். டைவ் எல்லாம் காலை ஆறரைக்கே.

ஒருநாள் பாறைத் திடல் ஒன்றுக்கு மேலே நங்கூரம் போட்டோம். எல்லோரும் வெட்சூட் மாட்டி, மாஸ்க்கைக் கழுவி, உட்கார்ந்துவிட்டோம். அண்ணை மட்டும் வள்ளத்தின் முன்பக்கமே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “வள்ளத்தின்ர மூக்கு காத்தைப் பாக்கேல்லை, பாருங்கோ” என்றார். உண்மைதான். நங்கூரம் போட்ட வள்ளம் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்க வேண்டும். எங்களுடையது காற்றை விலாவில் வாங்கிக்கொண்டு தெற்கே பார்த்து நின்றது. காற்றின் பிடியை மீறி அதைத் திருப்பி வைக்கிறது என்றால் கீழே நீரோட்டம் எவ்வளவு வேகம் என்று யோசிக்கலாம். நங்கூரக் கயிறு விறைத்து, நீர் தொடும் இடத்தில் சின்னச் சின்னச் சுழியாக நுரைத்தது. அதற்குள் இறங்கினால் கயிற்றைப் பிடித்துப் போவதற்கே பாதிக் காற்று செலவாகும். கையை விட்டால் வள்ளத்துக்குத் திரும்பி வர முடியாது. “இண்டைக்கு விடுவம்” என்று சொல்லிவிட்டு ஓட்டியிடம் கையைக் காட்டினார். கொழும்பிலிருந்து வந்திருந்த இளைஞர்களுக்கு வருத்தம். பணம் முழுக்கத் திரும்பக் கொடுக்கப்பட்டது. இப்படித் திரும்பத் தெரிந்தவரோடுதான் கடலுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மறுநாள் திருகோணமலையின் சுவாமி மலைக்குக் கீழே இறங்கினோம். செங்குத்தான பாறை உச்சியில் கோணேசர் கோயில். அடியில், 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்களும் கற்களும். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் 1950களில் இங்கே மூழ்கித் தேடினார்கள். கிளார்க்கின் ‘தி ரீஃப்ஸ் ஆஃப் தாப்ரபேன்’ என்ற நூல் 1957இல் வந்தது. ஆழம் அதிகமில்லை, ஆனால் மலையில் மோதித் திரும்பும் அலை அடியில் நிற்பவரை முன்னும் பின்னுமாக ஆட்டும். தள்ளும்போது நீந்தி, இழுக்கும்போது கையைக் காலை ஆட்டாமல் நிற்க வேண்டும். சதுரமாகச் செதுக்கிய தூண் ஒன்று பக்கவாட்டில் கிடந்தது. ஒரு முனையில் இன்னொரு கல்லைப் பொருத்துவதற்காகக் குடைந்த துளை. சுற்றிலும் சிப்பியும் கடற்பஞ்சும் ஏறியிருந்தன. துளைக்குள் சிவப்புக் கோடு போட்ட இறால் ஒன்று மீசையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உளி பட்ட விளிம்பு இன்னும் கூராகவே தெரிந்தது. தொடவில்லை, தொடவும் கூடாது.

அன்று இரண்டாவது டைவில்தான் குளிரைப் பார்த்தேன். ஆம், கண்ணால். பதினாறு மீட்டர் அளவில் எனக்குக் கீழே இருந்த நீர், வெந்நீரில் பாகு கரைவதுபோல் நெளிந்தது. அந்த நெளிவுக்குள் கையை விட்டேன். விரலில் குளிர், முழங்கையில் சூடு. இன்னும் கொஞ்சம் இறங்கியதும் 29 டிகிரி 25 ஆனது. தெளிவு ஆறு மீட்டர்கூட இல்லை. கீழேயிருந்து எழும்பிய சத்து நிறைந்த நீர், பச்சையாய் மங்கிக் கிடந்தது. மேலே வந்ததும் கொழும்பு இளைஞர்கள் ஒன்றும் தெரியவில்லையே என்றார்கள். அண்ணையின் முகத்தில் மட்டும் அப்படி ஒரு மலர்ச்சி.

தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, பூமியின் சுழற்சியோடு சேர்ந்து, மேல்நீரைக் கரையிலிருந்து வெளியே ஒதுக்குகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறும். கரைக்கு அப்பால் இன்னும் பெரிதாக ஒன்று நடக்கிறது. இலங்கைக்குக் கிழக்கே, பருவக்காற்றுக் காலத்தில், குளிர்நீர் ஒரு குவிமாடம்போல் மேலெழும்பி நிற்கும். பி. என். வினயச்சந்திரனும் தோஷியோ யமகதாவும் 1998இல் எழுதிய ஆய்வில் இதை விளக்கினார்கள். ‘இலங்கைக் குவிமாடம்’ என்றே அதற்குப் பெயர். மே அளவில் தொடங்கி, ஜூலையில் வலுத்து, செப்டம்பரில் அடங்கிவிடும்.

ஆக, சுற்றுலாப் பயணி விரும்பும் கடலும் பவளத்துக்கு வேண்டிய கடலும் ஒன்றல்ல. மே மாதத்தின் கண்ணாடி நீரும் இளஞ்சூடும் பவளத்துக்குக் காய்ச்சல். ஜூலையின் கலங்கலும் குளிரும் அதற்கு மருந்து. கச்சான் பிந்தும் ஆண்டுகளில் அந்தக் காய்ச்சல் நீளும்.

அந்த மேசைப் பவளத்தையும் போய்ப் பார்த்தோம். மேற்பரப்பில் பாதிக்கு மேல் பழுப்பு திரும்பியிருந்தது. ஒரு ஓரம் திரும்பவில்லை. அங்கே இழைப்பாசி படர்ந்து, அதை ஒரு கிளிமீன் கொறித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த மான்கொம்புகளில் சில ஒடிந்து கிடந்தன. அது சூட்டின் வேலை இல்லை. ஆழமில்லாத இடத்தில் ஸ்நோர்கெல் போட்டு வருகிறவர்கள் களைத்துப்போய்க் காலை ஊன்றுவது பவளத்தின் மேல்தான்.

இதில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தாய்லாந்து 2016இல் பவளம் வெளுத்தபோது பல டைவ் தளங்களை மூடியது. புறாமலையிலும், நீர் சூடேறும் வாரங்களில், ஆழமில்லாத திட்டுகளையாவது கயிறு கட்டி மூட வேண்டும். பட்டினியில் கிடக்கும் பவளத்தை மிதிக்கவும் கூடாது என்பதற்குப் பெரிய விவாதம் தேவையில்லை. மே மாதம் படகோட்டிகளுக்கு உழைக்கிற மாதம், அவர்களின் நாள்கூலியைப் பறித்துப் பவளத்தைக் காப்பாற்றச் சொல்வது நியாயமாகாது. பூங்காவுக்குள் நுழைய எங்களைப் போன்ற வெளிநாட்டவர் கட்டும் கட்டணத்திலிருந்து அந்த வாரங்களுக்கு ஈடு கொடுக்கலாம். அண்ணையிடம் இதைச் சொன்னபோது, கயிறு கட்ட மிதவை தன்னிடமே இருக்கிறது, அனுமதி மட்டும் வாங்கித் தந்தால் போதும் என்றார்.