தல்மூத் வகுப்பில் பெண் பிள்ளைகள்

பாஸ்டன் நகரை ஒட்டிய புரூக்லைனில் இருக்கிறது மைமோனிடிஸ் பள்ளி. வாசலில் இருந்த காவலர் என் பெயரைப் பட்டியலில் சரிபார்த்து, பையையும் திறந்து பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். யூதப் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் இந்தச் சோதனை ஏன் என்று அதன் பிறகு யாரும் கேட்பதில்லை.

காலையில் முதல் வேலை தொழுகை. பதின்மூன்று வயதைக் கடந்த பையன்கள் இடக்கையிலும் நெற்றியிலும் தெஃபிலின் என்ற கறுப்புத் தோல் பேழைகளை வாரால் கட்டிக்கொள்கிறார்கள். அவற்றுக்குள் யூத வேதமான தோராவின் வரிகள் எழுதிய தோல் துண்டுகள் இருக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள். ஒரு சிலர் கண்ணை மூடி லயித்திருக்க, ஒரு சிலர் கொட்டாவி விட, எல்லாப் பள்ளிப் பிரார்த்தனைகளையும் போலத்தான் நடந்து முடிந்தது.

தொழுகை அறையில் தடுப்பு உண்டு. யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதைப் படிக்கும் வகுப்பில் இல்லை. நான் பார்க்க வந்ததே அதைத்தான்.

ஏழாம் வகுப்பு. ஆணும் பெண்ணுமாக இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருக்கிறார்கள். மேசையில் விரிந்திருக்கும் தல்மூதின் ஒரு பக்கமே பெரிய சபை மாதிரி இருக்கிறது. நடுவில் மூல நூல். ஒரு ஓரத்தில் பதினோராம் நூற்றாண்டு பிரெஞ்சு அறிஞர் ராஷியின் உரை. மறு ஓரத்தில் அவருடைய பேரன்மாரும் மாணவ வழியினரும் அவரையே மறித்துக் கேட்ட கேள்விகள். அன்றைய பாடம் தொலைந்த பொருள். தெருவில் சிதறிக் கிடக்கும் காசு யாருக்குச் சொந்தம்? எடுத்தவருக்கே என்கிறது சட்டம். அடையாளம் சொல்ல வழியில்லாததால் தொலைத்தவர் ஆசையை விட்டிருப்பார் என்பது காரணம். அடையாளம் உள்ள பொருளென்றால் ஊரறியச் சொல்லி, உரியவரைத் தேட வேண்டும்.

சிக்கல் அடுத்த வரியில்தான். தொலைத்தது அவருக்கே இன்னும் தெரியாது என்றால்? தெரிந்தால் கைவிடத்தானே போகிறார், ஆகவே கைவிட்டதாகவே கொள்ளலாம் என்கிறார் ராவா. தெரியாத ஒன்றை எப்படிக் கைவிட முடியும் என்கிறார் அபாயே. பாபிலோனில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த இருவர். முன்வரிசையில் நீலப் பாவாடை கட்டிய ஒரு சிறுமி ராவா பக்கம் நின்றாள். “காசுப் பையை அவ்வப்போது தடவிப் பார்ப்பது மனிதர் வழக்கம். விழுந்தது தெரியாமல் எவ்வளவு நேரம் இருப்பார்?” என்றாள். பக்கத்துப் பையன் ராஷியின் வரியில் விரலை வைத்து மறுத்தான். ஆசிரியர் தீர்ப்பு சொல்ல அவசரப்படவில்லை. அவளையே அடுத்த பக்கத்தைப் படிக்கச் சொன்னார். இந்த இருவர் மோதும் இடங்களில் ஆறே ஆறில்தான் அபாயே சொல்வது சட்டமானது. அந்த ஆறில் இது ஒன்று. அதைக் கேட்டதும் அவள் முகம் சுருங்கியது. ஆனால் பென்சிலை எடுத்து ஓரத்தில் இன்னொரு கேள்வி எழுதத் தொடங்கிவிட்டாள்.

ஆசாரமான யூத உலகில் இந்தக் காட்சி சாதாரணமல்ல. தல்மூத் ஆண்களுக்கு மட்டுமே என்பதுதான் நெடுங்கால வழக்கம். அதை மாற்றியவர் சீர்திருத்தக்காரர் அல்ல, லித்துவேனிய தல்மூத் மேதைகளின் குடும்பத்தில் பிறந்த ரபி ஜோசப் சொலவேச்சிக். பெர்லின் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1932-இல் பாஸ்டன் வந்தவர். 1937-இல் அவரும் மனைவி தோன்யாவும், பையன்களோடு பெண்களும் தல்மூத் படிக்கும் இந்தப் பள்ளியைத் தொடங்கினார்கள். தோன்யாவும் கல்வியியலில் ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழக முனைவர். பகலெல்லாம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டுச் சோர்ந்துபோய் மாலையில் மதபாடத்துக்கு வரும் பிள்ளைக்கு என்ன ஏறும் என்பது அவர்கள் கவலை. தனிப் பள்ளி வைத்தால் நம் பிள்ளைகள் அமெரிக்கர்களாக வளர மாட்டார்கள் என்று ஊர் யூதர்களிலேயே பலர் எதிர்த்தார்கள். 1977-இல் நியூயார்க்கின் ஸ்டெர்ன் மகளிர் கல்லூரியில் தல்மூத் படிப்பு தொடங்கியபோதும் முதல் பாடம் நடத்தியவர் சொலவேச்சிக்தான்.

பிற்பகலில் வேதியியல் கூடம். பியூரெட்டிலிருந்து காரம் சொட்டுச் சொட்டாக விழ, குடுவை இளஞ்சிவப்பாகும் அந்த ஒரு சொட்டுக்காக மேல்வகுப்புப் பிள்ளைகள் குனிந்து காத்திருந்தார்கள். அளவு பிசகியதும் “முதல் அளவீட்டை யார் எடுத்தது?” என்று தொடங்கியது வாக்குவாதம். காலையில் கேட்ட அதே பிடிவாதம். பள்ளிக்குப் பெயர் தந்த மைமோனிடிஸ், யூதச் சட்டத்தையே தொகுத்தவர், எகிப்தில் அரசவை மருத்துவராகவும் இருந்தவர். அந்தப் பெயரைப் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு பாடத்திட்டம் என்றால் நாளும் நீளும். டிசம்பரில் பாஸ்டனில் நாலேகால் மணிக்கே சூரியன் மறைவதால் வெள்ளிக்கிழமை மட்டும் சபாத் ஓய்வு நாளுக்காகச் சீக்கிரம் விடுகிறார்கள். மற்ற நாட்களில் வீட்டுப்பாடம் முடிய இரவாகிவிடும் என்று ஒரு தாய் சொன்னார். பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். பெற்றோரால் தாங்க முடியாதது கட்டணம். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர். இந்தச் சமூகத்தில் மூன்று, நான்கு பிள்ளைகள் உள்ள வீடுகள் ஏராளம். மாசசூசெட்ஸ் அரசியல் சட்டத்தின் 1917-ஆம் ஆண்டுத் திருத்தம் தனியார் பள்ளிகளுக்குப் பொதுப்பணம் போவதைத் தடுக்கிறது. ஆக, மிச்சமிருப்பது உதவித்தொகையும் நன்கொடையும்தான்.

பெண் என்பதற்காக யாரையும் தல்மூதிலிருந்து விலக்கக்கூடாது என்று தொடங்கிய பள்ளி இது. பணமில்லை என்பதற்காக ஒரு பிள்ளை விலகிப் போனாலும் அது அந்த நோக்கத்துக்கு நேர்ந்த குறைதான். புதிய கட்டடங்களுக்குக் கொடுக்கும் கைகள், உதவித்தொகை நிதிக்கு முதலில் கொடுக்கட்டும்.