பழுப்புக் கோடு

தாயாரின் கர்ப்பப்பை வாய் பயாப்ஸி ரிப்போர்ட் வாங்க மகள் வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். உறையை வாங்கிக் கையெழுத்துப் போட்ட பிறகும் நகராமல் நின்றார். "டாக்டரம்மா, கேன்சர்னு சொல்லிட்டாங்க. இது வேர் விடுற ஜாதியா, அங்கயே கிடக்குற ஜாதியா? அத மட்டும் சொல்லுங்க."

வந்திருந்த சதைத் துணுக்கு அரிசி மணி அளவுதான். அதைக்கொண்டு நோயின் பெயரைச் சொல்லலாம்; பரவுமா என்று சொல்ல முடியாது. ஆபரேஷன் முடிந்து முழுசாக வரட்டும்மா என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். கேள்வி என்னோடு தங்கிவிட்டது.

*

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பக்கத்துத் திசுவில் படரும். நிணநீர்க் குழாய் வழியே இடுப்புக் கணுக்களுக்கும் போகும். நெறி கட்டியிருக்கிறது என்று ஊரில் சொல்கிறோமே, அந்த நெறிதான் கணு. கணுவில் நோய் இருப்பதை, பெண்நோய் மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிகோவின் நிலைப்பிரிப்பு 2018-இல்தான் கணக்கில் சேர்த்தது: இடுப்புக் கணு என்றால் 3சி1, பெருந்தமனி ஓரக் கணு என்றால் 3சி2. அதுவரை பெரும்பாலும் கையால் பரிசோதித்தே நிலை சொன்னார்கள். ஸ்கேன் வசதி இல்லாத ஊர்களில்தான் இந்த நோய் அதிகம் என்பதால் அப்படி வைத்திருந்தார்கள். அதில் நியாயம் இருந்தது.

*

பரவுமா என்பதற்கு ஸ்லைடில் போடும் சாயங்கள் பதில் சொல்லுமா? முதலில் பி16. அந்தச் சாயம் பளிச்சென்று பிடித்தால் "வீரியமான கேன்சர்" என்று இளம் டாக்டர்கள் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். தப்பு. இந்தப் புற்றுநோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் எச்பிவி வைரஸின் ஈ7 புரதம், செல் பெருகாமல் தடுக்கும் ஆர்பி புரதத்தை முடக்கிவிடுகிறது. உடனே செல் பி16-ஐக் குவிக்கிறது. ஒயர் அறுந்த சைக்கிளில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருப்பதுபோல. அந்த அழுத்தம்தான் ஸ்லைடில் நிறமாகத் தெரிகிறது. வைரஸ் உள்ளே வேலை செய்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. பரவுமா என்று அதனிடம் கேட்க முடியாது. சொல்லப்போனால் பி16 பிடிக்காத, எச்பிவி சம்பந்தமே இல்லாத சுரப்பிப் புற்றுநோய் வகைகள்தான், முக்கியமாக இரைப்பை வகை, வேகமாகப் பரவுகின்றன.

*

பரவலை முன்கூட்டிச் சொல்லும் என்று மருத்துவ இதழ்களில் வரும் மார்க்கர்களின் பெயர்கள்: ஈ-கேட்ஹெரின், விமென்டின், சிடி44, விஇஜிஎஃப்-சி. எல்லாவற்றுக்கும் பின்னால் நல்ல யோசனை இருக்கிறது. ஈ-கேட்ஹெரின் செல்லையும் செல்லையும் ஒட்டிவைக்கும் பசை. பசை விட்டால் செல் கழன்று நகரும். விஇஜிஎஃப்-சி புது நிணநீர்க் குழாய்களை முளைக்கவைக்கும்; கட்டி தான் போக வேண்டிய வாய்க்காலைத் தானே வெட்டிக்கொள்கிறது. ஆனால் பல ஆய்வுகளில் நோயாளிகள் குறைவு. ஆளுக்கொரு ஆன்டிபாடி, எத்தனை செல்லில் நிறம் பிடித்தால் பாசிட்டிவ் என்பதற்கு ஆளுக்கொரு அளவு. இவற்றை மட்டும் நம்பி ஒரு பெண்ணுக்குக் கதிர்வீச்சு கொடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ என்னால் எழுத முடியாது.

பிடி-எல்1 வேறு கதை. நோய் திரும்பிவந்தவர்களுக்கும் பரவிவிட்டவர்களுக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாமா என்று பார்க்க அது உதவுகிறது. 2021-இல் வந்த கீநோட்-826 ஆய்வுக்குப் பிறகு புற்றுநோய் மருத்துவர்கள் அதைக் கேட்டு அனுப்புகிறார்கள். மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் சாயம் அது. நோய் எங்கே போகும் என்று சொல்லாது.

*

சுரப்பிப் புற்றுநோயில் எனக்குப் பிடித்த விஷயம் சில்வா முறை. தனிச் சாயம் எதுவும் வேண்டாம், தினசரி ஹெமடாக்சிலின்–இயோசின் ஸ்லைடே போதும். சுரப்பிகள் வட்டம் கலையாமல் ஒழுங்காக நிற்கின்றனவா, உடைந்து சிதறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். 2013-இல் வந்த கட்டுரையில் மொத்தம் 352 பேர். ஒழுங்காக நின்ற ஏ பிரிவில் 73 பேர். ஒருவருக்குக்கூடக் கணுவில் நோய் இல்லை. சிதறிய சி பிரிவில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இருந்தது. கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்.

*

இப்போது டி2-40 சாயம்.

கட்டியின் ஓரத்தில் ஒரு வெள்ளை இடைவெளி, அதன் நடுவே ஒரு கொத்து புற்றுச் செல்கள். இது குழாய்க்குள் புகுந்த நோயா, அல்லது ஃபார்மலினில் திசு சுருங்கியதால் விழுந்த வெறும் பிளவா? சாதாரண ஸ்லைடில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நாங்கள் இரண்டு பேர் ஒரே இடத்தைப் பார்த்து இரண்டு விதமாகச் சொன்ன நாட்கள் உண்டு. டி2-40 நிணநீர்க் குழாயின் உட்சுவரில் ஒட்டும். குழாய் என்றால் இடைவெளியைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு எழும். பென்சிலை நன்றாகச் சீவி இழுத்தது மாதிரி மெல்லிசாக. பிளவு என்றால் ஒன்றுமே இருக்காது. ரத்தக் குழாய்க்கு சிடி31, சிடி34 என்று வேறு சாயங்கள்.

இதிலும் கவனம் வேண்டும். மேல்தோலின் அடி வரிசைச் செல்களும் டி2-40 பிடிக்கும்; சில கட்டிகளின் விளிம்பும் பிடிக்கும். நிறத்தை மட்டும் பார்க்கிறவர் ஏமாறுவார். கோடு தட்டையான, ஒற்றை அடுக்குச் சுவராக ஓட வேண்டும்.

இந்தக் கோட்டுக்கு இவ்வளவு மெனக்கெடுவது ஏன்? மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குள் நிற்கும் நோயில் குழாய் ஊடுருவல் இல்லையென்றால் கணுவுக்குப் போயிருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. குழந்தை வேண்டும் என்கிற பெண்ணுக்குக் வாயில் ஒரு பகுதியை மட்டும் கூம்பு வடிவில் வெட்டியெடுத்து, கர்ப்பப்பையைக் காப்பாற்றலாம். கோடு இருந்தால் பேச்சே மாறிவிடும்.

*

சில வருஷங்களுக்கு முன் ஒரு கர்ப்பப்பை சலைனில் மிதந்தபடி வந்தது. ஃபார்மலின் தீர்ந்துவிட்டதாம். ஒரு ராத்திரி முழுக்க அப்படியே இருந்திருக்கிறது. மேல்தோல் உரிந்து, செல்கள் ஊதி, எந்தச் சாயமும் சரியாகப் பிடிக்கவில்லை. "கன்ட்ரோல் நல்லா வந்திருக்கு மேடம், இதுதான் பிடிக்கல" என்று டெக்னீஷியன் மூன்றாவது முறையும் வந்து நின்றார். அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல வேறு திசு இல்லை. திசுவைப்போலப் பத்து மடங்கு ஃபார்மலின், எடுத்த ஒரு மணி நேரத்துக்குள். எந்த மார்க்கர் வந்தாலும் முதலில் இது. நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

*

இதே நோய் வந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணிடமிருந்து 1951-இல் எடுத்த திசு ஹீலா செல்களாக இன்றும் பரிசோதனைக் கூடங்களில் வளர்கிறது. அன்று அதைச் செதிள் செல் புற்றுநோய் என்று எழுதினார்கள்; சுரப்பி வகை என்று திருத்தியது இருபது வருஷம் கழித்து, 1971-இல். அதில் இருப்பது எச்பிவி 18 என்பது அதற்கும் பிறகு தெரிந்தது. அந்த அம்மா அதே 1951 அக்டோபரில், உடம்பெல்லாம் பரவி, 31 வயதில் இறந்துபோனார்.

*

ரிப்போர்ட் வாங்க வந்த அந்த மகளின் தாயாருக்கு ஆபரேஷன் முடிந்து, கர்ப்பப்பை முழுசாக வந்துவிட்டது. நல்ல ஃபார்மலின், பெரிய டப்பா. கொழுப்பை விரலால் பிசைந்து, பருப்பில் கல் பொறுக்குவதுபோலக் கணு தேடினேன். 22 கிடைத்தன. எல்லாவற்றையும் பிளாக் போட்டோம். ஒன்றிலும் நோய் இல்லை.

கட்டி 2.5 செ.மீ. வாயின் நடு மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கியிருக்கிறது. ஓரத்தில் ஒரு வெள்ளை இடைவெளி. டி2-40 போடச் சொன்னேன்.

இன்று காலை ஸ்லைடு வந்தது. கோடு இருக்கிறது. உள்ளே ஒரு சின்னக் கொத்து.

1999-இல் அமெரிக்கப் பெண்நோய்ப் புற்றுநோய் ஆய்வுக் குழுவான ஜிஓஜியின் ஆய்விலிருந்து வந்த செட்லிஸ் அளவுகோல்படி பார்த்தால் அளவு, ஆழம், குழாய் ஊடுருவல் மூன்றும் சேர்ந்துவிட்டன. கணு சுத்தமாக இருந்தாலும் கதிர்வீச்சுக்கு அனுப்புவார்கள். "நிணநீர்க் குழாய் ஊடுருவல்: உள்ளது" என்று தட்டச்சு செய்தேன். மகள் வியாழக்கிழமை வருகிறார். உறையை கவுன்டரில் கொடுக்க வேண்டாம், என் அறைக்கு அனுப்புங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.