பள்ளத்தாக்குல ஒரு பிராக்டிக்கல் கிளாஸ்!

கேட்டரிங் ஸ்டூடண்ட்டா பாஸ் நீங்க? படிக்கவோ, ஹோட்டல் ட்ரெயினிங்குக்கோ தேனிப் பக்கம் வந்து இறங்கியிருக்கீங்களா? அப்படின்னா உங்க முதல் வாரம் எப்படிப் போகும்னு நாங்களே சொல்லிடறோம். ரூம்ல ஃபேன் சத்தத்தைத் தவிர பேச்சுத் துணைக்கு ஆள் இருக்காது. மெஸ் சாம்பார் வாய்க்கு ஒட்டாது. சென்னையில சேர்ந்த ஃப்ரெண்ட் போன் பண்ணி, ‘தேனியா? அங்க என்னடா ஃபைவ் ஸ்டார் ஹோட்டல் இருக்கு?’ன்னு கலாய்ப்பான். சொந்தக்காரர் ஒருத்தர், ‘கரண்டி பிடிக்கவா இவ்வளவு ஃபீஸ் கட்டின?’ன்னு கேட்டது அப்பத்தான் ஞாபகத்துக்கு வந்து தொலைக்கும். மூணாவது நாள் ராத்திரி, ‘பேசாம ஊருக்கே போயிடலாமா?’ன்னு மனசு பையைத் தூக்கும்.

கொஞ்சம் பொறுங்க. மத்த கோர்ஸ் படிக்கிறவங்களுக்கு ஒரு ஊர் பழகணும்னா தியேட்டர், டீக்கடை, கிரிக்கெட் கிரவுண்ட் இதெல்லாம் போதும். சமையல் படிக்கிற உங்களுக்கு ரூட்டே வேற. நீங்க சமைக்கிற பொருள் எந்த மண்ணுல விளையுது, யார் கையில வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா, அந்த ஊர் தானா உங்க ஊராயிடும். அதுக்கு தேனியையும் கம்பம் பள்ளத்தாக்கையும் விட நல்ல இடம் கிடைக்கிறது கஷ்டம்!

மூணு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலைக் கூட்டம். நடுவுல நெல்லு, வாழை, தென்னை, திராட்சை. 1996-ல மதுரை மாவட்டத்துல இருந்து பிரிச்சு உருவாக்கின மாவட்டம் இது. மதுரையில இருந்து போடி வரைக்கும் ஓடிக்கிட்டிருந்த மீட்டர் கேஜ் ரயிலை அகலப் பாதைக்காக 2010 கடைசியில நிறுத்தினாங்க. அது திரும்ப தேனிக்கு வந்து சேர 2022 மே மாசம் ஆச்சு. போடிக்கு 2023 ஜூன்ல வந்துச்சு. பன்னிரண்டு வருஷமா ரயில் சத்தமே கேட்காத ஊர்னா, பஸ் ரூட் எல்லாம் ஜனங்களுக்கு மனப்பாடமா இருக்காதா? நேரு சிலைகிட்ட நின்னு ‘அண்ணே, கம்பம் பஸ் எங்க நிக்கும்?’னு கேட்டுப் பாருங்க. நாலு பேர் வழி சொல்வாங்க. அதுல ஒருத்தர், ‘எந்த ஊர் தம்பி நீங்க?’ன்னு ஆரம்பிப்பார். உங்க முதல் அறிமுகம் ரெடி!

முதல் கிளாஸ், உழவர் சந்தை. காலங்காத்தால எழுந்திருச்சுப் போங்க. 1999 நவம்பர் 14-ந் தேதி மதுரையில ஆரம்பிச்ச திட்டம் இது. விவசாயி அடையாள அட்டையோட வந்து தன் காயைத் தானே விற்கலாம், நடுவுல தரகர் கிடையாது. வாசல்ல விலைப் பட்டியல் எழுதிப் போட்டிருப்பாங்க. அதை ஒரு மாசம் தினமும் நோட்டுல குறிச்சுட்டு வாங்க. காலேஜ்ல சொல்லித் தர்ற ‘ஃபுட் காஸ்ட்’ பாடம் இங்க கண் முன்னாடி நடக்கும். தக்காளி விலை இறங்குற அன்னிக்கு விக்கிறவர் முகத்தையும் பாருங்க. அதுக்கப்புறம் கிச்சன்ல அரைத் தக்காளியைக் குப்பையில போட உங்களுக்கே கை வராது.

ரெண்டாவது கிளாஸ், பெரியகுளம் பக்கத்துல இருக்கிற வடுகபட்டி. கவிஞர் வைரமுத்துவோட ஊர்னு படிச்சிருப்பீங்க. நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு அது பூண்டு ஊர்! கொடைக்கானல் மலைப்பூண்டு இந்தச் சந்தைக்கு இறங்கி வரும். வடநாட்டுப் பூண்டும் மூட்டை மூட்டையா வரும். ரெண்டையும் கால் கிலோ வாங்கி, ரூமுக்கு வந்து ஒவ்வொரு பல் நசுக்கி மோந்து பாருங்க. முழுப் பல்லுல அவ்வளவா வாசனை இருக்காது. நசுக்கினதும்தான் உள்ள இருக்கிற ரெண்டு பொருள் கலந்து அந்தக் காரமான நெடி உண்டாகும். அதனால நசுக்கி ரெண்டு மூணு நிமிஷம் வச்சுட்டு வாணலியில போட்டா ருசி கூடும்.

அடுத்து போடி. தேனியில இருந்து பதினைஞ்சு கிலோமீட்டர்தான். ஊருக்குள்ள நுழைஞ்சாலே ஏலக்காய் வாசம்! இடுக்கி மலையில விளையுற ஏலக்காய்ல பெரும்பகுதி போடியிலயும், மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலயும் ஸ்பைசஸ் போர்டு மூலமா ஏலம் போகுது. கிட்டத்தட்ட அஞ்சு கிலோ பச்சைக் காயைச் சூட்டுல உலர்த்தினா ஒரு கிலோ ஏலக்காய்தான் கிடைக்கும். சூடு கூடிப்போனா பச்சை நிறம் போயிடும். நிறம் போனா விலையும் போச்சு. உலர்ந்த காயைச் சல்லடையில சலிச்சு, மில்லிமீட்டர் கணக்குல பிரிப்பாங்க. பெரிய காய்க்கு விலை அதிகம். பாயசத்துல பொடிச்சுப் போட நடுத்தரக் காயே போதும்னு உங்க மாஸ்டர் சொல்வாரே, அதோட அர்த்தம் இங்க புரியும்.

இன்னொரு விஷயமும் புரியும். 2018-ல வெள்ளம், அதுக்கடுத்து மழை பொய்த்ததுன்னு இடுக்கியில விளைச்சல் படுத்ததால, 2019 ஆகஸ்ட்ல ஏலத்துல கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போச்சு. மூணே வருஷத்துல சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழ விழுந்துச்சு. ஏறினாலும் இறங்கினாலும், விடியறதுக்கு முன்னாடி தூக்குவாளியோட ஜீப்புல நெருக்கி உட்கார்ந்து மலையேறுற அக்காமாருங்க மட்டும் தினமும் ஏறிக்கிட்டேதான் இருக்காங்க. தேனி மாவட்டத்துக் கிராமங்கள்ல இருந்து கேரளத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போறவங்க அவங்க. நீங்க ஒரு சிட்டிகை தூவுற ஏலப்பொடிக்குப் பின்னாடி அந்த ஜீப் இருக்கு, மறந்துடாதீங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை கம்பம் பஸ்ல ஜன்னல் சீட் பிடிங்க. பழனிசெட்டிபட்டி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம்னு வரிசையா வரும். வழியெல்லாம் பச்சை. கம்பம் பக்கம் போனதும் பந்தல் பந்தலா கறுப்புத் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. நாசிக் பக்கமெல்லாம் வருஷத்துக்கு ஒரு அறுவடைதான். இங்க மண்ணும் தட்பவெப்பமும் வாகா இருக்கறதால வருஷம் முழுக்க எங்கேயாவது ஒரு தோட்டத்துல பழம் இருக்கும். ஒரு சமையல் ரகசியம் சொல்லட்டுமா? வாழையும் மாங்காயும் பறிச்ச பிறகும் பழுக்கும். திராட்சை பழுக்காது. கொடியில இருந்து அறுத்த நிமிஷத்தோட அதுல இனிப்பு ஏறுறது நின்னுடும். அதனால தோட்டத்துலயே ஒரு பழம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்க. நல்ல திராட்சைன்னா என்னன்னு நாக்குக்கு அளவுகோல் கிடைச்சுடும். கேட்காம மட்டும் பறிச்சுடாதீங்க!

அதே ரோட்டுல கூடலூர் தாண்டினா லோயர் கேம்ப். அங்க 2013 ஜனவரியில திறந்த பென்னிகுவிக் மணிமண்டபம் இருக்கு. மேற்கே ஓடிக்கிட்டிருந்த பெரியாற்றுத் தண்ணியை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைஞ்சு கிழக்கே திருப்பிவிட்ட வெள்ளைக்கார இன்ஜினீயர். 1895-ல அந்தத் தண்ணி இந்தப் பக்கம் வந்துச்சு. மழை மறைவுல இருக்கிற இந்தப் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையுறது அந்தத் தண்ணியாலதான். பொங்கலன்னிக்கு அவர் படத்துக்கு மாலை போடுற கிராமம் இங்க உண்டு, பிள்ளைக்கு அவர் பேரை வச்ச வீடும் உண்டு. மாவட்டத்துல எந்தக் கடையில சாப்பிட்டாலும் உங்க தட்டுல பாதி அந்தத் தண்ணிதான்.

சரி, சுத்திப் பார்த்தாச்சு. ராத்திரி திரும்ப அதே ரூம், அதே ஃபேன். இப்ப என்ன பண்றது? சந்தையில வாங்கின காயை எடுத்துட்டு மெஸ் அண்ணன்கிட்ட போங்க. ‘அண்ணே, ஒரு நாள் குழம்பு நான் வைக்கட்டுமா?’ன்னு கேளுங்க. முதல்ல சிரிப்பார். அப்புறம் வெங்காயம் உரிக்கச் சொல்வார். உரிச்சுக் கொடுங்க. பத்து நாள்ல கரண்டி உங்க கைக்கு வரும். ரூம்மேட்ஸ் தட்டைத் தூக்கிட்டு வந்து, ‘இன்னும் கொஞ்சம் ஊத்து மச்சி’ன்னு நிப்பாங்க. புது ஊர்ல தனியா இருக்கிறவங்களுக்கு நாலு பேர் பசியாத்துற வேலை மாதிரி மருந்து வேற இல்ல. அந்த வித்தையைத்தான் நீங்க ஃபீஸ் கட்டிப் படிக்கிறீங்க.

‘கரண்டி பிடிக்கவா படிச்ச?’ன்னு கேட்ட சொந்தக்காரருக்கும் பதில் ரெடி பண்ணிடலாம். லீவுக்கு ஊருக்குப் போறப்போ வடுகபட்டிப் பூண்டு, போடி ஏலக்காய், கம்பம் திராட்சை மூணையும் வாங்கிட்டுப் போங்க. அவர் வீட்டுலயே ஒரு வேளை சமைச்சுப் போடுங்க. ஒவ்வொண்ணும் எங்க விளைஞ்சது, யார் பறிச்சது, என்ன விலைக்குப் போச்சுன்னு சொல்லிக்கிட்டே பரிமாறுங்க.

ரெண்டாவது தடவை சோறு கேட்பார் பாருங்க. அதுக்கு அப்புறம் கேள்வி கேட்கவே மாட்டார்!