ஹனுக்கா விளக்கும் என் அறை ஜன்னலும்

பி.காம் படிக்க 2023-ல் மெல்போர்ன் வந்தபோது, கால்ஃபீல்டு பகுதியில் ஒரு யூதப் பாட்டி வீட்டில் தெருப்பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்தேன். அந்த டிசம்பரில் ஒரு ராத்திரி பாட்டி கதவைத் தட்டி, "எட்டு நாளைக்கு உன் ஜன்னல் வேண்டும்" என்றார். தெருவைப் பார்த்த ஜன்னல் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

விஷயம், ஹனுக்கா பண்டிகை. கி.மு. 164-ல் யூதர்கள் எருசலேம் கோயிலை மீட்டுச் சுத்தம் செய்தபோது, ஒரு நாளைக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது நம்பிக்கை. அதனால் முதல் நாள் ஒரு மெழுகுவர்த்தி, மறுநாள் இரண்டு, இப்படியே எட்டு வரை. முதல் நாளே எட்டும் ஏற்றி தினம் ஒன்று குறைக்க வேண்டும் என்று ஷம்மாய் என்ற குருவின் சீடர்கள் வாதாடினார்களாம். புனிதத்தில் ஏறத்தான் வேண்டும், இறங்கக் கூடாது என்ற ஹில்லேலின் சீடர்கள் ஜெயித்துவிட்டார்கள். மற்றவற்றை ஏற்றுவதற்கு 'ஷமாஷ்' என்று தினமும் தனியாக ஒன்று. ஆக 36-ம் 8-ம் 44. கடையில் விற்கிற பெட்டியிலும் கரெக்டாக 44 இருக்கும்!

முதல் வருஷம் ஒரு கூத்து. ஓட்டலில் வேலை பார்த்துக் கிடைத்த டிப்ஸ் சில்லறையை அந்த வெளிச்சத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன். பாட்டி வேகமாக வந்து லைட்டைப் போட்டார். "இந்த வெளிச்சத்தில் காசு எண்ணக் கூடாது!" தால்முதிலேயே அப்படி இருக்கிறதாம். காமர்ஸ் பையனுக்கென்றே எழுதி வைத்த மாதிரி :-) அதில் படிக்கவும் கூடாது. அது பார்ப்பதற்கு மட்டும். தெருவில் போகிறவர்களும் பார்க்க வேண்டும், அதற்குத்தான் ஜன்னல்.

அடுத்த வருஷம் நிலைமை வேறு. 2024 டிசம்பர் 6 விடியற்காலையில், பக்கத்து ரிப்பன்லீயில் அடாஸ் இஸ்ரேல் யூத ஆலயத்துக்குத் தீ வைத்துவிட்டார்கள். ஹனுக்கா 25-ம் தேதி மாலை ஆரம்பம். பாட்டியின் மகன் போன் செய்து, ஆபத்துக் காலத்தில் மேஜையில் ஏற்றினால் போதும் என்று சட்டமே சொல்கிறது என்றாராம். "இந்த வருஷம் சாப்பாட்டு மேஜைதான். நீயும் இந்த வீட்டில் இருக்கிறாயே" என்றார் பாட்டி. நான் வாயே திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் நெருப்பு ஏற்றக் கூடாது என்பதால், சூரியன் மறையும் முன்பே ஹனுக்கா விளக்கை முதலில் ஏற்றினார். அன்றைக்கு மட்டும் நீளமான மெழுகுவர்த்திகள், இருட்டிய பிறகும் எரிய வேண்டுமே. அப்புறம் ஓய்வுநாளுக்கான இரண்டையும் ஏற்றி, கைகளை மூன்று முறை சுழற்றி, கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் சொன்னார்.

ஓய்வுநாள் விளக்கு வீட்டில் இருப்பவர்களுக்கு. அந்த வெளிச்சத்தில் சாப்பிடலாம், முகம் பார்த்துப் பேசலாம். இரண்டில் ஒன்று வாங்கத்தான் காசு இருக்கிறதென்றால் இதைத்தான் வாங்க வேண்டுமாம், வீட்டு நிம்மதி அவ்வளவு முக்கியம். அதன் பக்கத்திலேயே ஹனுக்கா விளக்கு. வீட்டுக்கு உபயோகப்படக் கூடாது, தெருவுக்கும் தெரியவில்லை. பின்னே யாருக்காக எரிகிறது? அன்றைக்குச் சாப்பாடு எனக்கு சரியாக இறங்கவில்லை.

சனிக்கிழமை ராத்திரி ஓய்வுநாள் முடிந்ததும் ஜன்னலோரத்துப் புத்தகங்களை எடுத்துக் கட்டிலில் போட்டேன். மூன்று வாரமாக மூடியே இருந்த திரையை விலக்கினேன். "ஜன்னல் ரெடி" என்றேன்.

பாட்டி என்னையே பார்த்தார். "பயமாக இல்லையா?"

"இருக்கிறது."

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு நான்கு.

கடைசி நாள் கணக்குப் பார்த்தேன் (லைட்டைப் போட்டுக்கொண்டுதான்!). ஷமாஷையும் சேர்த்து ஜன்னலில் 35, மேஜையில் 9. மொத்தம் 44, டேலி ஆகிறது. ஆனால் அந்த 9... அதை என் பெயரில்தான் பற்று எழுத வேண்டும்.